சவுக்குக் கிளையில் ஓலை நட்சத்திரம்

டிசம்பர் பிறந்துவிட்டால் சென்னை பாரிமுனையை ஒட்டிய சந்துகளில் கால் வைக்க இடமிருக்காது. கடை வாசல்களில் தங்கநிறப் பந்துகள் சரம் சரமாகத் தொங்கும். பிளாஸ்டிக் மரங்கள் ஒன்றரை அடியிலிருந்து ஆளுயரம் வரை அளவுவாரியாக நிற்கும். ஜிகினாச் சரம், பஞ்சுப் பனி, சிவப்புக் குல்லா, பொத்தானை அமுக்கினால் பாட்டுப் பாடும் தாத்தா என்று மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டே இருக்கும். பலவும் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவை. அந்நாட்டின் செஜியாங் மாகாணத்தில் யீவூ என்றொரு நகரம் இருக்கிறது. உலகச் சந்தைக்குப் போகும் கிறிஸ்துமஸ் சாமான்களில் பெரும்பங்கு அந்த ஓர் ஊரின் பட்டறைகளிலிருந்தும் மொத்தக் கடைகளிலிருந்தும்தான் போகிறது.

வாங்குவதில் தப்பொன்றும் இல்லை. பிள்ளைகள் ஆசைப்படும், பெரியவர்களுக்கு நேரம் இருக்காது. என் குறை வேறு. அந்தப் பிளாஸ்டிக் மரத்தையும் பளபளப்புப் பந்தையும் பாரம்பரியம் என்று நம்பி வரவேற்பறையில் வைக்கிறோம். பிள்ளைகள் வெட்டி ஒட்டிய காகித நட்சத்திரத்தை, கோணலாக இருக்கிறதே என்று பின்கட்டுக்கு அனுப்புகிறோம். வரலாற்றைப் புரட்டினால் நிலைமை நேர் தலைகீழ். இன்று கடையில் விற்கும் அலங்காரங்களில் பெரும்பாலானவற்றின் மூலவடிவம் ஏதோ ஒரு வீட்டில், கைக்கு எட்டிய பொருளைக் கொண்டு செய்யப்பட்டது. பணமில்லாத வீட்டில் பிறந்தவையும் அவற்றில் நிறைய.

இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. இன்றைய பிரான்ஸில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து வழக்கம் பற்றி 1605-இல் எழுதப்பட்ட ஒரு குறிப்பு. கிறிஸ்துமஸ் சமயத்தில் மக்கள் வீட்டுக் கூடத்தில் ஊசியிலை மரத்தை நிறுத்தி, அதில் பல வண்ணக் காகிதத்தில் செய்த ரோஜாக்களையும், ஆப்பிள்களையும், மெல்லிய அப்பங்களையும், தங்கத் தகட்டையும், சர்க்கரை மிட்டாயையும் தொங்கவிட்டார்கள் என்கிறது அது. அலங்கரித்த மரத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வர்ணனைகளில் ஒன்றில் முதலில் நிற்பது காகிதப் பூ. ஆப்பிளுக்கும் ஒரு காரணம் உண்டு. டிசம்பர் 24 பழைய நாட்காட்டியில் ஆதாம் ஏவாள் நாள். அன்று நடந்த ஏதேன் தோட்ட நாடகங்களில் மேடையில் நின்ற ஒரே மரத்தில் ஆப்பிள் கட்டியிருப்பார்கள். இன்றைய சிவப்புப் பந்து அந்த ஆப்பிளின் வாரிசு என்பது பொதுவான கருத்து.

அடுப்படியில் ஊதிய பந்து

ஆப்பிள் எப்படிக் கண்ணாடி ஆனது? அதற்கு ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதிக்குப் போக வேண்டும். அங்கே லவுஷா என்ற சிற்றூர். 1597-இல் இரண்டு குடும்பத்தார் சேர்ந்து கண்ணாடி உலை போட்டார்கள். காடு பக்கத்தில் இருந்ததால் விறகுக்குப் பஞ்சமில்லை. தலைமுறைகள் பெருகப் பெருக, பெரிய உலையில் எல்லோருக்கும் இடமில்லாமல் போனது. ஆகவே வீட்டு மேசையில் விளக்குச் சுடரை வைத்துக்கொண்டு கண்ணாடிக் குழாயை உருக்கி ஊதும் வேலை பரவியது. மணிகள் செய்தார்கள். பொம்மைகளுக்குக் கண்கள் செய்தார்கள், பிறகு மனிதர்களுக்கே செயற்கைக் கண்களும் செய்தார்கள்.

அவ்வூரில் சொல்லப்படும் கதை இது: மரத்தில் தொங்கவிட ஆப்பிளும் வால்நட்டும் வாங்கக் காசில்லாத ஓர் ஊதுகலைஞர், தானே கண்ணாடியில் பழங்களை ஊதித் தொங்கவிட்டார். கதைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் 1848-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கணக்குப் புத்தகத்தில், வெவ்வேறு அளவில் ஆறு டஜன் கிறிஸ்துமஸ் பந்துகளுக்கான ஆர்டர் பதிவாகியிருக்கிறது. கதையை நம்பாதவர்கள் அந்தக் கணக்கை நம்பலாம்.

1867-இல் ஊருக்கு எரிவாயு வந்தது. சுடர் சூடாகவும் சீராகவும் எரிந்ததால் பெரிய, மெல்லிய பந்துகளை ஊத முடிந்தது. உள்பக்கம் பளபளக்க முதலில் ஈயம் கலந்த கலவையைப் பயன்படுத்தினார்கள். 1870 வாக்கில் வெள்ளி நைட்ரேட் வந்தது. பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாயைச் சுடுநீரில் வைத்து, உள்ளே கண்ணாடி போல வெள்ளி படிவதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், டாலன்ஸ் கரைசல் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போமே, ஏறக்குறைய அதே வேலை. பந்துக்குள் கரைசலை ஊற்றி வெந்நீரில் முக்கிக் குலுக்குவார்கள். அது கையில் பட்டால் தோல் கறுத்துப்போகும்.

இந்த வேலையை யார் செய்தது என்பதுதான் முக்கியம். ஆண்கள் ஊதினார்கள். பெண்கள் வெள்ளி பூசி, நிறச் சாயத்தில் முக்கினார்கள். காம்பை வெட்டி, கொக்கி போட்ட தொப்பியை மாட்டியது குழந்தைகள். வேலையும் சாப்பாடும் தூக்கமும் ஒரே இடத்தில். காய்ந்த பந்துகளைப் பெரிய கூடையில் அடுக்கி முதுகில் கட்டிக்கொண்டு, சோன்னபெர்க் ஊர் வியாபாரிகளிடம் நடந்தே கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் பெண்களே. நம்மூர் தீப்பெட்டி, பீடி, அப்பளம் போல இதுவும் குடிசைத் தொழில். அழகான பொருளுக்குப் பின்னால் குறைந்த கூலியும் பிள்ளைகளின் தூக்கமும் இருந்தன. 'கையால் செய்தது' என்றவுடன் உருகிவிடுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

அமெரிக்கச் சில்லறை வியாபாரி வுல்வொர்த் 1880 வாக்கில் தயங்கித் தயங்கி 25 டாலருக்கு இந்தப் பந்துகளை வாங்கி வைத்தாராம். இரண்டே நாளில் தீர்ந்துபோயின. அதன்பின் அவர் கடைகள் ஜெர்மனியிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்தன. இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது அந்த வரத்து நின்றுவிடும் என்ற பயம். பல்பு செய்வதற்கென்று கார்னிங் நிறுவனம் வைத்திருந்த இயந்திரத்தைப் பந்து செய்யத் திருப்பினார்கள். 1940 வாக்கில் அது நாளொன்றுக்கு மூன்று லட்சம் பந்துகளைத் துப்பியது. போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாடு. உள்ளே வெள்ளி இல்லை, தொப்பி காகித அட்டை. பஞ்சத்தில் செய்த அந்தச் சோனிப் பந்துகளைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

கணக்கு வகுப்பில் பிறந்த நட்சத்திரம்

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், மொராவிய சபையார் நடத்திய விடுதிப் பள்ளிகள் இருந்தன. பிள்ளைகளின் பெற்றோரில் பலர் கடல் கடந்து ஊழியம் செய்யப் போனவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீஸ்கி ஊர்ப் பள்ளியில் வடிவியல் கற்பிக்கக் காகித நட்சத்திரம் செய்யும் பழக்கம் தொடங்கியது. பிறகு அது ஹெர்ன்ஹூட் ஊருக்குப் போய் அந்த ஊர்ப் பெயராலேயே புகழ்பெற்றது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று பிள்ளைகள் விடுதி அறையில் உட்கார்ந்து அதைக் கோத்து மாட்டுவார்கள். ஊரில் இல்லாத அப்பா அம்மாவை நினைத்துக்கொள்ள அது ஒரு சாக்கு.

அதன் கணக்கு அழகானது. 18 சதுரங்களும் 8 முக்கோணங்களும் கொண்ட 26 முகத் திண்மம் ஒன்று உண்டு. ஒரு சதுரத்தைக் கயிறு கட்டி மாட்டுவதற்காக விட்டுவிட்டு, மிச்சமுள்ள 25 முகங்களிலும் கூம்பு கூம்பாக முனைகளை ஒட்டினால் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம். அதாவது 17 நாற்கூம்பு, 8 முக்கூம்பு. வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் விடுமுறையில் செய்து பார்க்கச் சொல்லலாம். சார்ட் பேப்பரும் ஃபெவிகாலும் போதும், பொறுமை தனியாக வேண்டும்.

இதில் நமக்கும் ஒரு சின்ன உறவு இருக்கிறது. இதே மொராவிய சபையார் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து, ஊருக்கு வெளியே தோட்டம் போட்டுக் குடியிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு அதை விட்டுப் போய்விட்டார்கள். நட்சத்திரம் அதற்குப் பிறகுதான் பிறந்தது. டென்மார்க்காரர்களின் கதையும் அப்படியே. சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு காகிதத் துண்டுகளைக் கீறி, ஒன்றுக்குள் ஒன்றைப் பின்னிச் செய்யும் இதயவடிவப் பை அவர்கள் மரத்தில் கட்டாயம் தொங்கும். உள்ளே திராட்சையோ மிட்டாயோ போடுவார்கள். கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860 வாக்கில் தன் கையால் பின்னிய இதயம் ஒன்று இன்னும் பாதுகாக்கப்படுகிறது. டென்மார்க் அரசோ தரங்கம்பாடியை 1845-இலேயே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. இரண்டு அலங்காரங்களும் மயிரிழையில் நம்மூரைத் தவறவிட்டன. ஒருவிதத்தில் நல்லதே. நமக்கென்று ஒரு நட்சத்திரம் உருவாக இடம் கிடைத்தது.

மூங்கில் பிளாச்சும் மைதாப் பசையும்

தமிழகத்துக் கிறிஸ்தவத் தெருக்களின் அடையாளம் மரமல்ல, நட்சத்திரம். நாகர்கோவில் பக்கமும் தூத்துக்குடிக் கடற்கரையிலும் டிசம்பர் முதல் வாரத்திலேயே தென்னை உச்சிக்கும் மொட்டைமாடிக் கழிக்கும் ஏறிவிடும். மடித்து வைக்கும் அட்டை நட்சத்திரமும், பிறகு எல்.இ.டி. நட்சத்திரமும் வருவதற்கு முன்னால் எல்லாமே மூங்கிலும் வண்ணத்தாளும்தான். இளைஞர்கள் கூடி, யார் வீட்டு நட்சத்திரம் பெரிசு என்று போட்டி போட்டுக் கட்டுவார்கள். பிலிப்பைன்ஸ் மக்களின் பரோல் விளக்கும் இதே இனம்: மூங்கில், மெல்லிய தாள், ஐந்து முனை. வெயில் நாட்டுக் கிறிஸ்துமஸுக்கு மூங்கிலும் தாளும்தான் பொருந்துகின்றன போலும்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். ஒரே நீளத்தில் 10 பிளாச்சு வேண்டும். விரல் அகலம் போதும், கணுவை நன்றாகச் சீவிவிட வேண்டும். ஐந்து பிளாச்சை வைத்து ஒரு நட்சத்திரம், இன்னொரு ஐந்தை வைத்து இன்னொன்று. பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கண்ணளவில் கட்டினால் ஒரு கை நீண்டு ஒரு கை குட்டையாகி நொண்டும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. பிளாச்சின் நீளம் 100 செ.மீ. என்றால் இரு முனையிலிருந்தும் 38 செ.மீ. அளந்து பென்சிலால் கோடு போடுங்கள், நடுவில் 24 செ.மீ. மிஞ்சும். ஒன்றையொன்று வெட்டும் இடமெல்லாம் சரியாக இந்தக் கோடுகளில் விழுந்தால் நட்சத்திரம் பிசகாது. முனைகள் ஐந்தையும் வெட்டும் இடங்கள் ஐந்தையும் கட்டுக்கம்பியாலோ ட்வைன் நூலாலோ இறுக்க வேண்டும். முதலில் தளர்வாக ஒரு சுற்று, எல்லாம் சரி என்று தெரிந்தபின் இறுக்கமாக மறுசுற்று.

இரண்டு சட்டங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே வெட்டும் ஐந்து இடங்களிலும் இடத்துக்கொரு முட்டுக் குச்சியைக் கொடுத்து இரண்டையும் விலக்குங்கள். ஒரு மீட்டர் பிளாச்சுக்கு 20 செ.மீ. முட்டு சரியாக இருக்கும். தட்டையாகக் கிடந்தது சட்டென்று வயிறு உப்பி எழும். அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

அடுத்து தாள். காற்றாடித் தாள் என்றால் வெளிச்சம் அழகாக ஊடுருவும். பசையைக் கடையில் வாங்காமல் காய்ச்சுவதே சிக்கனம்: மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் கண்ணாடிப் பதத்துக்கு வரும். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது விஷம். ஆகையால் சமையல் பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது, சிறு பிள்ளைகள் கையால் தொடவும் கூடாது. பிள்ளைகள் ஒட்டுவதாக இருந்தால் துத்தமில்லாத பசையே போதும், நட்சத்திரம் ஒரு மாதம் தாங்கும். பின்பக்கம் ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் விடுங்கள். பல்பு மாட்டவும் மாற்றவும் அதுதான் வாசல். முன்பெல்லாம் உள்ளே 40 வாட் குண்டு பல்பு எரியும், அதற்கும் முன்னால் மெழுகுவத்தி. காற்று அடித்தால் நட்சத்திரம் தீபமாகிவிடும். இப்போது 5 வாட் எல்.இ.டி. அவ்வளவாகச் சூடாவதில்லை. புது நுட்பத்தில் மனதார வரவேற்க வேண்டியது இது ஒன்று.

கடைசியாக வால். தாளை நீளமாகக் கத்தரித்துத் தொங்கவிடும் வால் இல்லாவிட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் அதை நட்சத்திரம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மத்தேயு நற்செய்தி வாலைப் பற்றியோ ஐந்து முனையைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இத்தாலியின் பதுவா நகரச் சிற்றாலயம் ஒன்றில் ஓவியர் ஜோத்தோ 1305 வாக்கில் தீட்டிய காட்சியில், குடிலுக்கு மேலே நெருப்பு வாலுடன் ஒரு விண்மீன் பறக்கிறது. 1301-இல் வானில் தெரிந்த ஹாலி வால்நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் அவர் அப்படி வரைந்தார் என்று கருதுகிறார்கள். நம்மூர் வால்காரர்கள் துணைக்கு ஜோத்தோவைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

குடிலுக்குள் ஒரு வயல்

நட்சத்திரம் தெருவுக்கு, குடில் வீட்டுக்கு. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊர்க் குகையில் அசிசி பிரான்சிஸ், வைக்கோல் பரப்பி, நிஜ மாடும் கழுதையும் நிறுத்திப் பிறப்புக் காட்சி அமைத்தார். அதிலிருந்து கிளைத்த வழக்கம் ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் மண்ணைப் பூசிக்கொண்டது. போலந்தின் கிராகோவ் நகரில், குளிர்காலத்தில் வேலையில்லாமல் இருந்த கொத்தனார்கள் அட்டையிலும் மினுங்குத் தாளிலும் தங்கள் ஊர்த் தேவாலயங்களைப் போலவே கோபுரங்கள் கட்டி, அவற்றுக்குள் இயேசுவைப் பிறக்க வைத்தார்கள். 2018-இல் யுனெஸ்கோ அந்தக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது.

நம் குடிலில் பிறப்பு நடப்பது ஒரு தமிழ்க் கிராமத்தில். கூரைக்கு வைக்கோல் அல்லது தென்னங்கீற்று. காக்கித் தாளைக் கசக்கி, காவியும் கரியும் தெளித்தால் மலை. மரத்தூளில் பாதை. உடைந்த முகக்கண்ணாடி குளமாகி, அதில் இரண்டு பிளாஸ்டிக் வாத்துகளும் நீந்தும். பெத்லகேமில் வாத்து ஏது என்று யாரும் கேட்பதில்லை. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அந்தப் பச்சை. டிசம்பர் நடுவாக்கில் அகலத் தட்டில் மண்ணும் மட்கிய எருவும் பரப்பி, ஓர் இரவு ஊறவைத்த கேழ்வரகையோ கம்பையோ நெருக்கமாகத் தூவி, தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். பத்து நாளில் விரல் நீளத்துக்கு வயல் எழும்பிவிடும். அதிக வெயிலில் வைத்தால் காயும், முழு இருட்டில் வைத்தால் வெளிறி நீளும். சன்னலோரம் சரி. அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடும் அதே கைப்பக்குவம், வேறு சாமிக்கு.

சுரூபங்களும் அப்படித்தான். மதுரைக்குப் பக்கத்தில் திருப்பரங்குன்றத்தை ஒட்டிய விளாச்சேரி, குயவர் குடும்பங்கள் நிறைந்த ஊர். பிள்ளையார் சதுர்த்திக்கு விநாயகர், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸுக்கு மாதா, சூசையப்பர், இடையர், மூன்று ராசாக்கள், சம்மனசு என்கிற வானதூதர். களிமண்ணிலும் காகிதக் கூழிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசிலும் அங்கே குடில் தொகுப்புகள் செய்கிறார்கள். வாங்குவதென்றால் மண்ணிலும் காகிதக் கூழிலும் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். கண் எழுதிய விதத்தைப் பாருங்கள்: கொலுப் படியில் இருந்த தேவியின் அதே நீண்ட விழி மாதாவுக்கும் இருக்கும். கையெழுத்து மாறுமா?

குடில் என்பது ஒரே நாளில் முடியும் வேலையுமல்ல. 24-ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடியும்வரை தொட்டில் காலியாகத்தான் இருக்கும். பூசையிலிருந்து வீடு திரும்பிய பிறகே குழந்தையை எடுத்து வைப்பார்கள். ராசாக்களைக் குடிலின் கோடியில் நிறுத்தி, நாளுக்குக் கொஞ்சம் நகர்த்தி, ஜனவரி 6 அன்று சேர்க்கிற வீடுகளும் உண்டு. நகர்த்தும் உரிமைக்குப் பிள்ளைகளுக்குள் சண்டை வரும்.

கைக்கு எட்டிய பொருள்

இனி மரம். நம் வீடுகளில் பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம். மணல் நிரப்பிய வாளியில் நட்டு, வாளியைச் சுற்றி வண்ணத்தாள். சவுக்கு உண்மையில் ஊசியிலை மரமே அல்ல. ஊசி போலத் தெரிவது கணுக்கணுவான மெல்லிய கிளை. கணுவில் பிய்த்து மறுபடி பொருத்தி, எங்கே பிய்த்தேன் சொல் என்று விளையாடியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அதன் காயைப் பொறுக்கி வந்து பொன் வண்ணம் அடித்தால், ஐரோப்பியர் தொங்கவிடும் பைன் கூம்பின் குழந்தை போலவே இருக்கும்.

இந்த மரத்தில் எதைத் தொங்கவிடுவது? பனிமனிதனும் கலைமானும் நம்முடையவை அல்ல என்று விரட்டச் சொல்லவில்லை. ஆனால் லவுஷாக்காரர் கண்ணாடியை எடுத்தது கண்ணாடி அவர் மேசையில் இருந்ததால். ஜெர்மன் உழவர் வீடுகளில் வைக்கோல் நட்சத்திரம் தொங்கியது அறுவடை முடிந்த வைக்கோல் கொட்டிலில் கிடந்ததால். அவர்கள் செய்து முடித்த உருவத்தைப் பிளாஸ்டிக்கில் வாங்கி மாட்டுவதைவிட, அவர்கள் செய்த காரியத்தைச் செய்வது மரபுக்கு நெருக்கம். நம் கொட்டிலில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் பனை. திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் மணப்பாடு, பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் கால் வைத்த கரை. அங்கே பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைவது பேர்போன தொழில். பனங்குருத்தை வெயிலில் உலர்த்தினால் வெண்ணெய் நிறத்துக்கு வரும். ஈர்க்கை நீக்கி, விரல்கடை அகலத்துக்கு நாராகக் கிழித்து, ஈரத்துணியில் சற்று நேரம் சுருட்டி வைத்துவிட்டு மடித்தால் ஒடியாது. நான்கு நார்களை ஒன்றோடொன்று கோத்து மடித்துச் செய்யும் பதினாறு முனை நட்சத்திரம் ஒன்று உண்டு. மழலையர் கல்வியின் தந்தையான ஃப்ரோபெலின் பெயரால் அதை அழைக்கிறார்கள், அவரும் துரிங்கியாக்காரர். அவர்கள் காகிதத்தில் செய்வது ஓலையில் இன்னும் விறைப்பாக நிற்கும். இதெல்லாம் புதிதாகப் படிக்க வேண்டிய வித்தையும் அல்ல. குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தில் உட்கார்ந்தபடியே ஓலையில் சிலுவை பின்னும் கைகளும், கல்யாணப் பந்தலில் ஓலைக் கிளி தொங்கவிடும் கைகளும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. டிசம்பரில் யாரும் அவர்களைக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது நெட்டி. தஞ்சைப் பகுதி நீர்நிலைகளில் வளரும் செடியின் தண்டு. தோலைச் சீவினால் உள்ளே பால்வெள்ளைச் சோறு, கையில் எடுத்தால் எடையே தெரியாது. இதில் பெரிய கோயிலைச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெல்லிய தகடாகச் சீவிய நெட்டியில் இதழ் இதழாகப் பனிப்பூவும் சம்மனசின் இறக்கையும் செய்தால் தெர்மகோல் தோற்றுப்போகும். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நெட்டிக் கலைஞர்களிடம் கிறிஸ்துமஸ் ஆர்டர் கொடுக்கலாமே என்று ஏன் எந்தப் பங்கு ஆலயத்துக்கும் தோன்றுவதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

ஏனென்றால் இதைக் காஷ்மீரில் எப்போதோ செய்துவிட்டார்கள். ஸ்ரீநகரின் ஜடிபல் முதலான பகுதிகளில், முஸ்லிம் கைவினைக் குடும்பங்கள் காகிதக் கூழில் கிறிஸ்துமஸ் பந்தும் மணியும் நட்சத்திரமும் செய்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகின்றன. பழைய தாளை நாள்கணக்கில் ஊறவைத்து இடித்து, அரிசிக் கஞ்சி சேர்த்து அச்சில் அப்பி உருவம் எடுப்பது ஒரு வேலை. தேய்த்து மழுப்பி, மேலே சினார் இலையும் மீன்கொத்தியும் பூக்கொடியுமாக வரைந்து வார்னிஷ் அடிப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் தனித்தனி ஆட்கள். லண்டனில் யாரோ ஒருவர் வீட்டு மரத்தில் காஷ்மீரத்து மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது.

காகிதக் கூழ் நம் பாட்டிகளுக்கும் புதிதல்ல. பழைய தாளையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்து, முறத்துக்குப் பூசியதும், குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் கூடை செய்ததும் அவர்கள்தானே. அதே கூழை எலுமிச்சை அளவுக்கு உருட்டி, ஈரத்திலேயே கம்பிக் கொக்கியைச் செருகி, நிழலில் காயவைத்தால் மரத்துக்குப் பந்து தயார். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். வெந்தயம் சேர்ப்பதால் கூழ் பிடித்து நிற்கும், பூச்சியும் அண்டாது. காய்ந்தபின் சுண்ணாம்பு ஒரு பூச்சு, அதன்மேல் பிள்ளைகள் விருப்பம். அழுத்தமான ஒரே நிறம் அடித்து வெள்ளைப் புள்ளிகள் வைத்தாலே போதும். மார்கழி மாதம் வாசலில் புள்ளி வைக்கிற விரல்களுக்கு இது கஷ்டமே இல்லை.

மினுமினுப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பளபளப்புக்கும் வெண்பனிக்கும் ஆசைப்பட்டு மனிதர் செய்த அபத்தங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு காலத்தில் ஜிகினா இழையை ஈயத்தில் செய்தார்கள். 1930-களிலும் 40-களிலும் அமெரிக்காவில் மரத்தில் தூவும் பனி என்று விற்கப்பட்டது கல்நார் தூள், புற்றுநோய் தரும் அதே கல்நார். இன்றைய கிளிட்டர் தூள் பிளாஸ்டிக் துகள். மண்ணிலும் நீரிலும் கலந்தால் அழியாது என்பதால் 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் பிளாஸ்டிக் கிளிட்டர் தூளை விற்கத் தடைவிதித்தது. பனிக்காகப் பஞ்சைப் பிய்த்துக் கிளையில் போடுகிறவர்கள் சீரியல் பல்பிலிருந்து அதை விலக்கியே வைக்க வேண்டும், இலவம் பஞ்சு என்றால் இன்னும் ஜாக்கிரதை. எங்கள் ஊர்களில் டிசம்பரில் பெய்வது மழைதானே, பனி எதற்கு என்று கேட்கும் கட்சி நான்.

வேலையைப் பங்கிடுவதிலும் ஒரு முறை வேண்டும். நவம்பர் கடைசியில் பிளாச்சும் ஓலையும் வாங்கி வைத்துவிடுங்கள். நட்சத்திரத்துக்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும், ஒருவர் பிடிக்க ஒருவர் கட்ட. காகிதக் கூழ்ப் பந்து காய ஒரு வாரம் ஆகும், மழை பிடித்துக்கொண்டால் அதற்கும் மேல். கம்பு விதைக்க டிசம்பர் 14, 15 சரியான நாள். அதற்கு முன் விதைத்தால் பண்டிகைக்குள் சாய்ந்துவிடும். சுரூபங்களை ஒரே வருடத்தில் முழுத் தொகுப்பாக வாங்க வேண்டியதில்லை. திருக்குடும்பத்தில் தொடங்கி வருடத்துக்கு ஓர் இடையன், ஓர் ஆடு என்று சேர்க்கலாம். அளவு கொஞ்சம் முன்பின் ஆகும், சூசையப்பரைவிட ஆடு உயரமாக நிற்கும். நிற்கட்டும்.

ஜனவரி 6 கழிந்ததும் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். கம்பு வயலை ஆட்டுக்கோ கோழிக்கோ கொடுத்துவிடலாம், சவுக்குக் கிளை விறகாகும். ஓலை நட்சத்திரங்களைப் பழைய நாளிதழில் சுற்றி, நெட்டிப் பூக்களை மூடியுள்ள டப்பாவில் போட்டு, ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள். மூங்கில் நட்சத்திரத்தின் தாளைக் கிழித்துவிட்டுச் சட்டத்தை மட்டும் பரணில் போட்டால் போதும். மறுவருடம் கட்டு தளர்ந்த இடங்களில் புது ட்வைன் சுற்றி, புதுத் தாள் ஒட்டிவிடலாம். அந்த வருடம் என்ன நிறம் என்ற சச்சரவு மட்டும் பாக்கியிருக்கும். மிச்சம் இருக்கும் மயில்துத்தத்தைப் பரணில் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள்.